ஏறு, நில்

அத்தையைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் கேசரி, பஜ்ஜியோடு ஒரு கார்ட்டூனும் உண்டு. அத்தையே வரைந்து, அசையவைத்து, இணையத்தில் ஏற்றிய கதை அது. ரயில் நிலையத்தில் ஒரு பெண் நிற்பாள். ரயில் வரும். 'ஏறு', 'நில்' என்று திரையில் இரண்டு பட்டன்கள் முளைக்கும். நாம் எதை அழுத்துகிறோமோ அதன்படி கதை நடக்கும். "ஒரு பாட்டுப் பாடுன்னா இதப் போய்க் காட்டுறாளே," என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

முதலில் வந்தவர் 'ஏறு' என்பதை அழுத்தினார். அடுத்து வந்தவர் 'நில்'. இருவரையுமே அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். எனக்கு ஒரே கொண்டாட்டம். அம்மா அடிக்க வந்தால் ஓடிப்போய் ஒளிந்துகொள்ள அத்தையை விட்டால் எனக்கு யார் இருந்தார்கள்? பட்டனை அழுத்துகிறவர்கள் அத்தையைக் கொண்டுபோக மாட்டார்கள் என்ற மட்டில் எனக்கு விளங்கியிருந்தது.

மூன்றாவதாக ஊரப்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். ரயில் வந்தது, பட்டன்களும் வந்தன. மனிதர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். எதையுமே தொடாவிட்டால் என்ன நடக்கும் என்பது அத்தைக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

"டேய், எதையாவது அமுக்கேன்டா, எமகண்டம் வந்துடப் போவுது," என்றார் அவருடைய அம்மா.

"இரும்மா. அந்தப் பொண்ணு ஏதோ யோசிக்குது."

நான் மெல்ல நகர்ந்து மவுஸ் பக்கம் கையை நீட்டினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கை சில்லென்று இருந்தது. அப்பா பஜ்ஜித் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

திரையில் இருந்த பெண் திரும்பி எங்களைப் பார்த்தாள். பட்டன்கள் மறைந்தன. "எங்க போகணும்னு நானே சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அத்தையின் குரல்தான்.

அவர் திரையை விட்டுவிட்டு அத்தையை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்க," என்றார்.

அத்தை என் கையை விட்டுவிட்டாள். அப்பாவைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள்.

நான் சமையலறைக்கு ஓடி அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அந்த ஆளுக்கு ஒரு பட்டன்கூட அமுக்கத் தெரியலம்மா. அவருக்குப் போய் அத்தையக் குடுக்குறீங்களே!"

அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எதற்கு என்று எனக்கு விளங்க, என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்து உட்காரும்வரை ஆயிற்று.