பதினோரு மணிக்கு ஒரு டீ அதிகம்

செய்தி வந்த காலையில் மலை கறுத்துக் கிடந்தது. குற்றாலத்துப் பக்கம் மேகம் கீழே இறங்கி, தென்காசிக் கடைகளில் எல்லாம் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். பக்கத்துப் பெயிண்ட் கடை மட்டும் திறக்கவில்லை. ஜெயபால் அண்ணாச்சி சொல்லாமல் கடை அடைக்கிறவர் இல்லை. போன் போடலாம் என்று எடுத்தேன், அதற்குள் அவர் மருமகனே கூப்பிட்டுவிட்டார். காலை ஜெபத்துக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நான் கிறுக்கன் மாதிரி, "அப்போ இன்னைக்குக் கடை தொறக்க மாட்டாவளா?" என்று கேட்டேன்.

அவரை அறிந்தவர்களே, உங்களுக்கு அவர் ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் நின்று உரக்கப் பாடுகிறவர். எனக்குப் பக்கத்துக் கடைக்காரர். நான் விசுவநாதர் கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் இந்த நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று உங்கள் சபை ஐயர் சொல்லிவிட்டார். மோட்டார் வைண்டிங் பார்க்கிறவனுக்கு எழுத்து எங்கே வரும், கோபம்தான் வரும். கோபத்தோடேயே எழுதுகிறேன். இந்த மனுஷன் இப்போது போயிருக்கக் கூடாது. என் தம்பி கணேசன் விஷயம் முடியாமல் கிடக்கும்போது போயிருக்கவே கூடாது.

என் கடையில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மோட்டார் தீய்ந்து போய்க் கொண்டுவருகிற விவசாயிகள், எங்கள் பேச்சில் சம்சாரிகள், வேலை முடியும்வரை ஊர்க்கதை பேசுவார்கள். பதினோரு மணிக்கு அண்ணாச்சி டீ குடிக்க வருவார். அங்கே இல்லாத ஒருவனைப் பற்றி யாராவது தப்பாக ஆரம்பித்தால் போதும், எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்து ஒரு டீ அதிகமாகச் சொல்வார். அது வந்ததும் காலி ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் வைப்பார். "அவனும் வந்து உக்காந்துட்டான். இப்பச் சொல்லு, என்ன செஞ்சான்?" என்பார். பேசினவர்களில் பாதிப் பேர் கரண்ட் கட் ஆவதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். "என்ன அண்ணாச்சி, கடைய கோயிலாக்கப் பாக்குதீகளா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். சிரித்தார். "கோயிலுக்குள்ள கிறிஸ்தவனா இருக்கது லேசு சுப்பையா. பதினோரு மணி டீக்குத்தான் கஷ்டம்" என்றார்.

எங்களுக்கு இலத்தூரில் ஒரு பங்குக் கிணறு உண்டு. பாதி எங்களுக்கு, பாதி பெரியப்பா மகன் மாடசாமிக்கு. போன வருஷக் கோடையில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதில் சண்டை வந்து கைகலப்பாகி, மாடசாமி கணேசனை ஊர்முன்னால் செருப்பால் அடித்துவிட்டான். அன்றிலிருந்து கணேசன் சரியாகச் சாப்பிடவில்லை. யாரோடும் சத்தம் போடவும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒருநாள் கடைக்கு வந்து, "சீசனுக்கு அவன் குற்றாலம் வராம இருக்க மாட்டான். அங்கன வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றான். அண்ணாச்சி உடனே டீ சொன்னார். ஸ்டூலில் வைத்த மறுநிமிடம் கணேசன் அதை எட்டி உதைத்தான். கிளாஸ் சுவரில் பட்டுத் தூளானது. அண்ணாச்சி குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார். பொறுக்கி முடித்து, எதிர்க்கடையைப் பார்த்து, "இன்னொரு டீ போடுப்பா" என்றார்.

சாரல் தொடங்கிய பிறகு கணேசன் ஒரு காலையில் வேன் பிடித்தான். மாடசாமி குடும்பத்தோடு பழைய குற்றாலம் போயிருக்கிறான் என்று எவனோ வந்து சொல்லியிருக்கிறான். வேனில் கூட்டாளிகள். சீட்டுக்கடியில் சாக்கில் சுற்றி வைத்திருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். நான் மறித்து நின்று கத்திக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக வந்து வேனில் ஏறி உட்கார்ந்தார். "நானும் குளிச்சு நாளாச்சு. போவமா லே?" என்றார். என்ன சொல்லியும் இறங்கவில்லை. நானும் ஏறினேன். வழி முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஏதோ பாடினார்.

அருவியில் கணேசனைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். திடீரென்று தண்ணீர் நிறம் மாறிச் செம்மண்ணாக வந்தது. போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் வெளியே தள்ளியது. மழையும் கொட்டியது. ஒதுங்க ஒரே ஒரு கொட்டகை. அதற்குள் ஈரத்துணியோடு நாங்கள் ஒரு மூலை, மாடசாமி தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மறு மூலை. அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. கணேசன் வேன் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி இரண்டு டீ வாங்கி, இரண்டையும் கணேசன் கையில் திணித்தார். "ஒண்ணு ஒனக்கு. இன்னொண்ண நீயே கொண்டுபோய்க் குடு. குடுக்க மனசில்லன்னா ரெண்டையும் புடிச்சிக்கிட்டு நில்லு" என்றார். கணேசன் கொடுக்கவில்லை. கீழேயும் போடவில்லை. மழை விட்டு மாடசாமி குடும்பத்தோடு பஸ் ஏறும்வரை, இரண்டு கையிலும் ஆறிப்போன டீயோடு நின்றான்.

அப்படித் தள்ளிப்போனதுதான். தீரவில்லை. இந்தச் சீசனில் கிணற்றடியில் மறுபடி வாய்த்தகராறு. அந்த வாரமே அண்ணாச்சியும் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து, அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினியிடம் சொல்லிக்கொள்ள நின்றேன். "எங்க கடையில வந்து உக்கார இனி ஆளில்ல மதினி" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். "ஒங்களுக்குத் தெரியாதுல்லா. அவியளும் சொல்லியிருக்க மாட்டாவ" என்று மதினி தொடங்கினார்கள்.

அண்ணாச்சிக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறார். கிணற்று மோட்டாரில் செம்புக் கம்பி திருடினான் என்று அவரைப் பற்றிப் பேச்சுக் கிளம்பியிருக்கிறது. ஊரெல்லாம் பரவிவிட்டது. அவமானம் தாங்காமல் அந்தப் பிள்ளை கிணற்றில் விழுந்து போய்விட்டது. பிறகுதான் திருடியவன் வேறொருவன் என்று தெரிந்ததாம். அந்தப் பேச்சு முதலில் கிளம்பிய இடம் என் கடை. என் அப்பா அதை நடத்திய காலம்.

"அந்தத் தெருவுக்கே போவக்கூடாதுன்னு நான் சண்ட போட்டேன். அங்கனதான் போவணும்னு பக்கத்துலயே கடையப் புடிச்சாவ. அங்க இன்னொருத்தன் பேரு அப்பிடிப் போயிரக் கூடாதுன்னு கர்த்தர் சொல்லுதாருன்னாவ" என்றார்கள் மதினி.

ஆரம்பத்தில் அண்ணாச்சி உள்ளே நுழைந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். வேதக்காரரை, கிறிஸ்தவர்களைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். கடைசிக் காலத்தில் அப்பாவே அந்த ஸ்டூலைத் துடைத்து வைப்பார். அடப்பாவி மனுஷா, அத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

மறுநாள் பதினோரு மணிக்குக் கணேசன் வந்தான். வெளியே வண்டியை அணைக்காமல் உறுமவிட்டபடியே, "அண்ணாச்சியும் போயாச்சு. இனி எவன் தடுப்பான்? அந்தப் பய..." என்றான். எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தேன். "மூணு டீ."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கிளாஸை அதன்மேல் வைத்தேன். அவன் உதைப்பான் என்று காத்திருந்தேன். உதைக்கவில்லை. மதினி சொன்னதை அப்படியே அவனிடம் சொன்னேன். அண்ணாச்சியின் தம்பி, செம்புக் கம்பி, அப்பாவின் கடை, எல்லாம். அவன் வெளியே போய் வண்டியை அணைத்துவிட்டு வந்து, அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றான். மழை பெய்யத் தொடங்கியது.

பிறகு சொன்னான்: "மாடசாமிக்குச் சுகர் இருக்குல்லா அண்ணே. சீனி போடாமச் சொல்லு."

என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வேன் சீட்டுக்கடியில் கிடந்த அந்தச் சாக்கு இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. மலை இன்னும் கறுத்துத்தான் கிடக்கிறது. அண்ணாச்சி எனக்கென்று விட்டுப்போனது அந்த ஸ்டூல் ஒன்றுதான். தினமும் பதினோரு மணிக்கு அதைத் துடைத்துப் போடுகிறேன். சீனியில்லாமல் ஒரு டீ சொல்கிறேன்.