ஈரப் போர்வையும் ஜூடோக்காரியும்

ஈரப் போர்வையின் இரண்டு முனைகளையும் பற்றியதுமே அவள் கண்களை மூடிக்கொள்வாள். இடது கால் பின்னே நகரும், இடுப்பு திரும்பும். எதிர்ப்பக்கம் பிடித்திருக்கும் நான் தடுமாறி விழாத குறைதான். "ஐயோ, மன்னிச்சுக்கோங்கக்கா! எங்கயோ போய்ட்டேன்" என்று சிரிப்பாள். குண்டூசி எடுக்கக் குனிந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்கிற ஆள் நான். என்னைப் போய் இவளோடு போர்வை மடிக்க விட்டார்களே, என்னத்தைச் சொல்ல!

பகலில் ஓட்டல் சலவைக்கூடம், மாலையில் ஜூடோ. பேருந்தில் தூங்கும்போதும் விரல்கள் யாருடைய காலரையோ தேடும். ஒருநாள் பக்கத்து இருக்கைக்காரரின் கோட்டுக் காலரையே பிடித்துவிட்டாள். மனிதர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினார். "ஆளைத் தூக்குற அந்த நொடி இருக்கே, சத்தமே கேக்காதுக்கா. தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி" என்பாள்.

புருஷன் பிழைப்புத் தேடி இந்த நாட்டுக்கு வந்தபோது கூடவே வந்தவள். இந்த நாட்டுக்காகப் போட்டியிடச் சம்மதித்ததும், பிறந்த நாட்டில் இவளுடைய பயிற்சி ஜோடியாக இருந்த தோழி பேச்சை நிறுத்திவிட்டாள். "திட்டினாக்கூடப் பரவால்ல. வாயே திறக்க மாட்டேங்கறா."

போன மாதத் தகுதிப்போட்டியில் எதிரே நின்றது அதே தோழி. ஜெயித்தால் உலகப் போட்டி. தோற்றால், இந்த வயதுக்கு இனி வாய்ப்பில்லை என்று பயிற்சியாளர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். சலவைக்கூடமே திரண்டு போயிருந்தோம். விளக்கு வெளிச்சத்தில் அரங்கம் பனிக்குள் மிதப்பது போலிருந்தது. தோழியை அழைக்க, பிறந்த நாட்டின் பெயரை அறிவித்தார்கள். இவள் எழுந்து நடந்துவிட்டாள்! "உன்னை இல்லம்மா, நில்லு" என்று பயிற்சியாளர் பிடித்து இழுத்தார்.

பயிற்சியில் ஜோடியைத் தூக்கிப் போடுகிறவர், தலை தரையில் மோதாதபடி அவருடைய சட்டைக் கையை மேலே இழுத்துப் பிடிப்பது வழக்கம். போட்டியில் அந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது. நேரம் முடியப்போகும் வேளையில் தோழி காற்றில் சுழன்று மல்லாந்து விழுந்தாள். முழுப் புள்ளி! நாங்கள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினோம்.

நடுவர் கையை உயர்த்திவிட்டார். விலகி நின்று வணங்கும்படி சைகை காட்டினார், மறுபடியும் காட்டினார். இவள் குனிந்தபடியே நின்றாள், கீழே கிடந்தவளின் சட்டைக் கையை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு.