லாவெண்டர் வாசனை அடித்த ஆடுகளம்

மூன்று வருடங்களுக்கு முன், ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் நடந்தது இது. இடம், கிழக்கு லண்டனில் ஒரு விளையாட்டரங்கு. பார்க்கிங் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். அங்கே பெண்களின் தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்றுக்கு உடுப்புத் தோய்ப்பதும், ஆட்டத்தின்போது தரை துடைப்பதும் என் வேலை. அன்று என்ன நடந்தது என்று அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். என் தலைக்குள் என்ன நடந்தது என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.

மன்னாரில் ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு படகு, இந்தியாவில் முகாம், திரும்ப மன்னார், கலியாணம் செய்து பிரான்ஸ். அவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் வந்தேன். ஹோட்டல் சலவையறை, மீன் கடை, முதியோர் இல்லச் சமையலறை என்று வேலைகள். லண்டனுக்கு வந்தபின் சவுத்தாலில் ஒரு வருடம், தோர்ண்டன் ஹீத்தில் எட்டு மாதம். ஓரிடத்தில் என்னால் ஒரு பிழை நடந்தால், யாரும் கேட்பதற்கு முன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது என் வழக்கம். பிரான்சில் ஒரு கலியாண விருந்துக்கான மேசை விரிப்புகளை இஸ்திரியில் கருக்கிவிட்டு, அன்றே வேறு ஊருக்கு ரயில் ஏறியிருக்கிறேன். ஆகையால் எங்கே வேலைக்குப் போனாலும் என் பை கதவுக்குப் பக்கத்தில்தான் தொங்கும்.

இந்த வேலை மாதா கோவிலில் கிடைத்தது. தமிழ்ப் பூசை முடிந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றபோது, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், தன் மகள் விளையாடும் அணிக்கு உடுப்புத் தோய்க்க ஆள் தேடுகிறார்கள் என்றார். அந்த மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இங்கே பிறந்தவள். முழங்காலில் நார் அறுந்து, சத்திரசிகிச்சை செய்து, அதற்குப் பிறகு பத்து மாதம் ஆடாமல் இருந்தாள். காலையில் நான் மொப்பால் தரை துடைக்கும்போது அவள் ஒரு மூலையில் ஒற்றைக் காலில் குந்தி எழும்பிக்கொண்டிருப்பாள். என்னை எண்ணச் சொல்வாள். நான் தமிழில் எண்ணுவேன். இருபதுக்கு மேல் அவளுக்குத் தமிழ் எண்கள் தெரியாது. அந்தப் பத்து மாதத்தில் நூறு வரை பழகிவிட்டாள்.

“அன்ரி, உந்த மொப்பையே நீங்கள் கலியாணம் கட்டலாம்” என்பாள். “எப்பவும் கையைப் பிடிச்சபடி திரியிறியள்.”

“முந்தினதைவிட இது பரவாயில்லை, பிள்ளை” என்பேன் நான்.

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்கள் விழும்போது அவர்களின் வியர்வை மரத்தரையில் படியும். அதில் அடுத்தவர் கால் வைத்தால் வழுக்கும். அதனால் ஒவ்வொரு கூடைக்குக் கீழேயும், கோட்டுக்கு வெளியே, ஒருவர் மொப்போடு இருப்பார். நடுவர் விசிலடித்துக் கை காட்டினால் ஓடிப்போய்த் துடைத்துவிட்டு ஓடிவந்துவிட வேண்டும். அவர் கூப்பிடாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. எங்கள் அரங்கில் ஒரு பக்கக் கூடைக்குக் கீழே நான், மற்றப் பக்கம் அரங்குக்காரர் ஒருவர். இரண்டு பேருக்கும் மொப் துணிகளைத் தோய்த்துக் கொடுப்பதும் நான்தான்.

அந்தப் பருவத்தை எங்கள் அணி தோல்வியோடுதான் தொடங்கியது. டிசம்பரில் நத்தார் வரைக்கும் யாரும் எங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. தை பிறந்ததும் வெல்லத் தொடங்கியவர்கள் நிற்கவேயில்லை. மாசியில் அந்தப் பிள்ளையும் திரும்ப ஆட வந்தாள், ஒவ்வொரு ஆட்டத்திலும் சில நிமிடங்கள் மட்டும். கடைசியில், வடக்கிலிருந்து வரும் ஓர் அணியும் நாங்களும் சமமாக நின்றோம். கடைசி ஆட்டம் எங்கள் அரங்கில். வென்றவருக்குச் சாம்பியன் கோப்பை.

அந்தக் கிழமை ஏழு நாளும் யாருக்கும் நிம்மதியில்லை. பயிற்சியாளர், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சாப்பிடுவதையே விட்டுவிட்டார். ஆட்டக்காரிகள் வென்ற அன்று போட்ட காலுறைகளைத் தோய்க்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை போட்டிருந்தார்கள். தோய்த்தால் அதிர்ஷ்டம் போய்விடுமாம். தைக்குப் பிறகு தண்ணீர் காணாத காலுறைகள் அவை. அந்தப் பையைத் திறக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மற்றதையாவது பெருநாள் உடுப்பு மாதிரி வாசமாகக் கொடுப்போம் என்று நினைத்து, லாவெண்டர் வாசனை போட்ட சொஃப்ட்னர் ஒரு போத்தல் வாங்கினேன். துணியை மிருதுவாக்குவதற்குக் கடைசித் தண்ணீரில் விடுவார்களே, அதுதான்.

சனிக்கிழமை இரண்டு மெஷினில் ஒன்று பழுது. மொப் துணிகளை எப்போதும் தனியாக, வெறும் சுடுதண்ணீரில் தோய்ப்பேன். அன்று துவாய்களோடு சேர்த்துப் போட்டேன். இரண்டு மூடி சொஃப்ட்னர் விட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. சொஃப்ட்னர் பட்ட துணி தண்ணீரை உறிஞ்சாது, துடைத்த இடத்தில் மெழுகு மாதிரி ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும் என்பது ஹோட்டலில் நான் முதல் மாதமே படித்த பாடம். அவசரத்திலும் சந்தோஷத்திலும் அது நினைவுக்கு வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிரம்பியிருந்தது. பிள்ளையின் தகப்பன் எனக்கு நேர் பின்னால், முதல் வரிசையில், மடியில் வீட்டில் பொரித்த ரோல்ஸ் பெட்டியோடு இருந்தார். பதற்றம் வந்தால் அவருக்குப் பகிடி வரும்.

“அக்கா, வடிவாத் துடையுங்கோ. என்ரை பிள்ளை விழுந்தால் உங்களைத்தான் கேட்பன்” என்றார். நான் சிரித்தேன்.

ஆட்டம் தொடங்கி நாலைந்து நிமிடத்தில் ஒருத்தி என் பக்கக் கூடைக்குக் கீழே விழுந்தாள். நடுவர் கை காட்டினார். ஓடிப்போய்த் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில், வடக்கிலிருந்து வந்த அணியின் பெண் ஒருத்தி அதே இடத்தில் வழுக்கினாள், ஆனால் விழாமல் சமாளித்துவிட்டாள். மறுபடியும் துடைத்தேன். திரும்பி வந்து கதிரையில் இருந்தபோது என் கையிலிருந்த மொப்பிலிருந்து லாவெண்டர் வாசனை வந்தது.

நான் துடைக்கத் துடைக்கத் தரை மோசமாகிக்கொண்டிருந்தது. துவாயை எடுத்துத் துடைக்கலாம் என்றால் துவாய்க்கும் அதே வாசனை. மற்றக் கூடைக்குக் கீழே இருந்தவரின் கையிலும் என் துணிதான். அரங்கில் எங்கள் பக்கம் இருந்த துணி எல்லாமே அந்த ஒரே தண்ணீரில் தோய்ந்தவை.

முதலில் நான் பார்த்தது என் பை இருந்த திசையைத்தான். சலவையறைக் கதவில் தொங்கியது. அந்த அறைக்குப் பக்கத்தில் வெளியே போகும் கதவு, அதற்கு முன்னால் பஸ் நிறுத்தம். எல்லோரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனால் யாருக்கும் உடனே தெரியாது. பிறகு தரை ஏன் வழுக்கியது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். வாயை மூடிக்கொண்டு இருந்தாலும்கூட ஒருவேளை ஒன்றும் நடக்காமல் முடிந்துவிடும் என்றும் நினைத்தேன். இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது ஆளும் வழுக்கி, இடுப்பு அடிபட விழுந்தாள். எழும்பி நொண்டினாள். நடுவர் என்னைப் பார்த்துக் கை காட்டினார். என்ன செய்வது? போய் மொப்பைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்து, துடைப்பது மாதிரி நடித்துவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான வேலை அதுதான்.

அப்போது பயிற்சியாளர் பிள்ளையைக் கூப்பிட்டார். அவள் மேலாடையைக் கழற்றிவிட்டு, முழங்கால் கட்டை ஒருமுறை இறுக்கினாள். உள்ளே போவதற்காக, புள்ளி எழுதுபவர்களின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். எனக்குப் பின்னால் தகப்பன், “வாறாள், வாறாள்” என்று மெதுவாகச் சொல்வது கேட்டது.

நான் எழும்பினேன். அடுத்த விசில் அடித்ததும், நடுவர் கூப்பிடாமலே, மொப் இல்லாமல், வெறுங்கையோடு ஆடுகளத்துக்குள் நடந்தேன். யாரோ கத்தினார்கள். நடுவர் என்னை வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார். நான் போகவில்லை. என் ஆங்கிலம் வேலைத்தளங்களில் பொறுக்கியது. பயத்தில் அதுவும் பிரெஞ்சோடு கலந்துவிட்டது. தரை சரியில்லை, துணியை நான் பிழையாகத் தோய்த்துவிட்டேன், யாரையும் ஓட விடாதீர்கள் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. அதற்குள் பிள்ளை பக்கத்தில் வந்துவிட்டாள்.

“அன்ரி, என்ன செய்யிறியள்? வெளியில போங்கோ, உங்களை வேலையை விட்டு அனுப்பிப்போடுவினம்.”

“பிள்ளை, உந்தத் தரையில கால் வைக்காதை. மொப்புக்குச் சொஃப்ட்னர் போட்டுட்டன். பிழை என்ரை. அதை அவருக்கு வடிவாச் சொல்லு.”

அவள் நடுவரிடம் திரும்பி, நான் சொன்னதில் ஒரு சொல்லையும் விடாமல், பிழை யாருடையது என்பதையும் சேர்த்து, ஆங்கிலத்தில் சொன்னாள். நடுவர் குனிந்து விரலால் தரையைத் தேய்த்து மணந்து பார்த்தார். ஆட்டத்தை நிறுத்தினார்.

எங்கள் பயிற்சியாளர் இடுப்பில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். அரங்கில் ஒரு பகுதி கைதட்டிக் கேலி செய்தது. இருபது நிமிடத்துக்குள் தரையைச் சரியாக்க முடியாவிட்டால் ஆட்டம் நடக்காது என்று நடுவர் சொன்னதாகப் பிள்ளை சொன்னாள். கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் எதிரணியின் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் எழும்பி வந்தார். என்னைவிட வயது கூட, பெரிய உடம்பு, கழுத்தில் சாவிக்கொத்து. அந்த அணிக்கு உடுப்புத் தோய்ப்பவர். இரண்டு கையாலும் ஒரு பெரிய துவாய்ப் பையை இழுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் ஏன், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “சுடுதண்ணீர் எங்கே?”

சமையலறைக்கு ஓடினோம். இரண்டு வாளி சுடுதண்ணீர், அங்கே இருந்த ஒரு போத்தல் வினாகிரி; மெழுகுப் படலத்தை அதன் புளிப்பு அறுக்கும். இரண்டு பேரும் முழங்காலில் நின்று, நான் கழுவ அவர் ஒற்றி எடுக்க, இரண்டு கூடைகளுக்குக் கீழேயும் அடி அடியாக நகர்ந்தோம். தன் அணியின் துவாய்களை ஒவ்வொன்றாக அழுக்காக்கிக்கொண்டே, வடக்கத்திய உச்சரிப்பில், தானும் ஒருமுறை இதையே செய்ததாகவும், அன்று சொல்லாமல் விட்டதாகவும் சொன்னார். ஒரு பெண்ணின் மணிக்கட்டு முறிந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மிச்ச ஆட்டத்துக்கு மொப் வேண்டுமே. அவர்களுடைய இரண்டு துவாய்களை மொப் சட்டங்களில் சுற்றினோம். கட்டுவதற்கு எதுவும் இல்லை. பிள்ளை தன் தலைமுடி றப்பர் பாண்டைக் கழற்றித் தந்தாள். எதிரணிப் பெண் ஒருத்தியும் தந்தாள். நடுவர் சப்பாத்தைத் தரையில் அழுத்தி இழுத்துப் பார்த்தார். வழுக்கவில்லை, கிறீச் என்று சத்தம் வந்தது. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

பிறகு நடந்த ஆட்டத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பிள்ளையின் முழங்காலை மட்டும் பார்த்தேன். அவள் பாய்ந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் என் கை மொப்பை இறுக்கியது. ஒருமுறை என் கதிரைக்கு முன்னால் கோட்டருகே வந்து நின்றபோது, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “நான் ஓகே அன்ரி. நீங்கள் மூச்சு விடுங்கோ.”

எங்கள் அணி ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் வென்றது. எல்லோரும் ஆடுகளத்துக்குள் ஓடினார்கள். காகிதத் துண்டுகள் மேலிருந்து கொட்டின, அவற்றைக் கூட்டுவதும் நான்தான். மற்றப் பக்கத்தில் அந்த அம்மா ஈரத் துவாய்களைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அணிப் பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றார்கள். அவர் துவாய் தராமல் இருந்திருந்தால் ஆட்டம் அன்று நின்றிருக்கும், கோப்பை யாருக்குப் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் போய்ப் பையைப் பிடித்து, தோய்த்து அனுப்புகிறேன் என்றேன். முதலில் விடவில்லை. பிறகு விட்டார். லாவெண்டர் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

சலவையறைக்கு வந்து கதவடியில் நின்றேன். பை அங்கேயே தொங்கியது. பயிற்சியாளர் அந்தப் பக்கம் வந்தார், தலை முழுக்கக் காகிதத் துண்டுகளோடு. நாளைக் காலை எட்டு மணிக்கு வா என்றார். அவ்வளவுதான். அவர் போனபின் தகப்பன் வந்து ரோல்ஸ் பெட்டியை நீட்டினார்.

“காலமையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டியள். இந்தாங்கோ” என்றார். பகிடி எதுவும் விடவில்லை. கண் கலங்கியிருந்தது.

அன்று இரவு நித்திரை வரவில்லை. எட்டு மணிக்குப் போனால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். போகாமல் விடலாம் என்று மூன்று தரம் முடிவெடுத்தேன். ஆனால் அந்தத் துவாய்கள் சலவையறையில் ஈரமாகக் கிடந்தன. ஈரத்தோடு விட்டால் மணம் பிடித்துவிடும். அதற்காகத்தான் போனேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

போனபோது பழுதான மெஷினைத் திருத்த ஆள் வந்திருந்தார். நல்ல மெஷினின் மூடியில் பயிற்சியாளர் ஒரு தாள் ஒட்டியிருந்தார்: மொப் துணி தனியாக. அதற்குக் கீழே பிள்ளை தமிழைத் தன் ஆங்கில எழுத்தில் கிறுக்கியிருந்தாள்: சொக்ஸ் இனித் தோய்க்கலாம் அன்ரி.

வடக்குக்கு அனுப்பிய துவாய்ப் பையோடு ஒரு கடிதமும் எழுத நினைத்து, ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல், அவர்களின் பெண் தந்த ஒரு றப்பர் பாண்டுக்குப் பதிலாக மூன்றை மட்டும் போட்டு அனுப்பினேன். அந்த அம்மாவின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நான் இன்னமும் அதே அரங்கில்தான் வேலை செய்கிறேன். என் வாழ்க்கையில் ஒரே வேலையில் இவ்வளவு காலம் இருந்ததில்லை. பை இப்போது அலுமாரிக்குள் இருக்கிறது. பிழை என்னுடையது என்று வாய்விட்டுச் சொன்னால் எதிரில் நிற்பவர் என்ன கேட்பாரோ என்ற பயத்திலேயே நான் இரண்டு நாடுகளில் கதவுப் பக்கம் இருந்தேன். அப்படிச் சொன்ன ஒரே நாளில், எதிரில் நின்றவர் என்னிடம் கேட்டது சுடுதண்ணீர் எங்கே என்று மட்டும்தான்.