பொட்டுக்கு அடியில்

தோலைப் பார்த்து இது இன்னது என்று சொல்ல எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. வளையல் போட்டுப் போட்டு வந்த பழக்கம் அது. விருத்தாசலம் கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்காரருக்கு வளையல் கடை. ஆண் கையால் போட்டுக்கொள்ளக் கூச்சப்படுகிற பெண்கள் வந்தால் என்னைக் கூப்பிடுவார். சோப்புத் தண்ணீரைத் தடவி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, கையைப் பிசைந்து பிசைந்துதான் வளையலை ஏற்ற வேண்டும். அவ்வளவு நேரம் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவள் வீட்டுக் கதையும் தெரிந்துவிடும், அவள் தோலும் தெரிந்துவிடும்.

அறுபதுகளில் வளையலில் ஆரம்பித்தேன். அதிலிருந்து மருதாணி, மருதாணியிலிருந்து பூ ஜடை என்று போய், எழுபதுகளில் கல்யாணப் பெண்ணுக்கு முகம் திருத்துவது வரைக்கும் வந்துவிட்டேன். அப்போது ஊரில் பியூட்டி பார்லர் எல்லாம் கிடையாது. நான்தான், என் டிரங்குப் பெட்டிதான். பொட்டு வைக்காத வீட்டில் பிறந்தவள் நான். ஆனால் எத்தனையோ பெண்களுக்குக் கல்யாணத்தன்று பொட்டு வைத்தது என் விரல். "பாய் வூட்டம்மா வச்சா கோணாது" என்று சொல்லிக் கூட்டிப் போவார்கள். அந்தப் பேச்சு கொடுத்த தைரியத்தில்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

பவுடர் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் முகத்தைக் கழுவி, வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்துவிடுவேன். என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையாவது தடவிவிட்டால், தாலி கட்டுகிற நேரத்தில் முகம் பொங்கிப்போய் நிற்கும். தேமலாக இருந்தால் நகத்தால் லேசாகச் சுரண்டும்போது தவிடு மாதிரி உதிரும். படர்தாமரை என்றால் வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்திருக்கும். கர்ப்பத்தில் வருகிற மங்கு இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி இறங்கியிருக்கும். விரல் இடுக்கில் சிரங்கு இருந்தால், அந்த வீட்டில் எல்லாருமே ராத்திரி சொறிந்துகொண்டிருப்பார்கள் என்று கேட்காமலே தெரியும்.

நோயின் பெயரைவிட அதைப் பற்றி ஜனங்கள் பேசுகிற பேச்சுதான் எனக்குப் பிடிக்கும். "இது மங்கு இல்லக்கா, எங்க நாத்தனா பாத்த பார்வ, அப்படியே ஒட்டிக்கிச்சு" என்றாள் ஒருத்தி. வீடு முழுக்கச் சிரங்கு பிடித்த இன்னொருத்தி, "எங்க வூட்ல ரேடியோ கெடையாது, ராவானா இதான் கச்சேரி" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய் உடம்பில் காவியால் எழுதிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும், "எழுதிக்கிட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வந்துடும்மா" என்பேன்.

பயந்துபோனதும் உண்டு. ஒருமுறை வளையல் உடைந்து ஒரு பெண்ணின் மணிக்கட்டில் கிழித்துவிட்டது. ரத்தம் வருகிறது, அவள் பாட்டுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். துடைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வெளிறி, வறண்டு, முடியில்லாமல் இருந்தது. அவளுக்கு அங்கே உணர்ச்சியே இல்லை, குஷ்டத்தின் ஆரம்பம். சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குப் போனதால் மாத்திரையோடு தப்பித்தாள், விரல் மடங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வெளுப்பைப் பார்த்தாலே அந்த நோய்தானோ என்று முதலில் தொட்டுப் பார்ப்பேன்.

அப்படி ஒரு வெளுப்பைப் பார்த்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

பெண்ணாடத்துப் பெண் ஒருத்தி எங்கள் ஊருக்கு மருமகளாக வந்திருந்தாள். கல்யாணத்துக்கு ஜோடித்ததும் நான்தான். ஏழாம் மாதம் வளைகாப்புக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். மாமியார் பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறவர். கூழ் மாதிரிக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுக்கிற வேலை. அந்த அம்மா பேச ஆரம்பித்தால் தெருவில் மற்ற சத்தமெல்லாம் அடங்கிவிடும். நானே அவரிடம் அளந்துதான் பேசுவேன்.

உள் அறையில் பெண்ணும் அவளைப் பெற்ற அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். பெண்ணின் நெற்றியில் பெரிய ஒட்டுப் பொட்டு இருந்தது. அப்போதுதான் அது புதிதாக வந்திருந்தது. மாசி மகத்துக் கடைகளில் அட்டை அட்டையாகத் தொங்கும். குங்குமம் மாதிரி வேர்வையில் வழியாது என்று பெண்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். முகம் கழுவுவதற்காக அதை எடுக்கப் போனேன். சட்டென்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத மட்டும் வுட்டுடுங்கக்கா" என்றாள்.

"பொட்டோட எப்படிம்மா மூஞ்சி கழுவறது?"

பெற்ற அம்மா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பொட்டை அவரே எடுத்தார். அடியில் சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளை வட்டம்.

மூன்று மாதமாக இருக்கிறதாம். முதலில் மிளகளவு இருந்ததை மறைக்கக் கொஞ்சம் பெரிய பொட்டாக வாங்கியிருக்கிறாள். வெளுப்பு வளர வளரப் பொட்டும் வளர்ந்திருக்கிறது. தூங்கும்போதுகூட எடுப்பதில்லை. புருஷனுக்கும் தெரியாது. பூ இதழால் அந்த இடத்தை வருடி, "தெரியுதா?" என்றேன். "கூசுது" என்றாள். அல்லாவே என்று மூச்சு விட்டேன், அந்த நோய் இல்லை. ஆனால் வேறு எதுவாக இருந்தாலும் ஊர் இதை வெண்குஷ்டம் என்றுதானே சொல்லும்?

"இன்னிக்கு வளகாப்பு முடிஞ்சி பெரசவத்துக்கு எங்கூட அனுப்புவாங்க" என்றார் பெற்ற அம்மா. "இது தெரிஞ்சா திரும்பக் கூப்பிட வருவாங்களா? எம் பொண்ணு கொழந்தையோட எங்க வூட்லயே கெடக்க வேண்டியதுதான். ஏதாச்சும் அப்பி மறச்சி வுடுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அப்படி நடந்த வீடுகள் எனக்கும் தெரியும். பெட்டியைத் திறந்து, அவள் நிறத்துக்குப் பவுடரைக் குழைக்க ஆரம்பித்தேன். ஆனால் வெளியே காத்திருக்கிற பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து நெற்றியில் குங்குமம் வைப்பார்களே, எவ்வளவு அப்பினாலும் நிற்குமா என்ற கவலை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குள் கதவு திறந்தது. பூத்தட்டோடு மாமியார்.

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, மருமகளின் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். அச்சிலிருந்து எடுத்த கோப்பையை ஓட்டை ஒடிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"என்னாடி இது, அச்சுல வார்த்தாப்ல இருக்குது?" என்றார். "சீக்கு இவ்ளோ ரவுண்டாவா வரும்? அந்தப் பொட்டு அட்டைய எடு."

பெண் எடுத்துக் கொடுத்தாள். மாமியார் ஒரு பொட்டை உரித்து நெற்றிக்கு நேரே பிடித்தார். வெள்ளை வட்டம் முழுக்க அதற்குள் அடங்கிவிட்டது. ஓரம்கூட மிஞ்சவில்லை.

"பாத்தியா? இதான் அச்சு. இதுல இருக்கற பசைதான் ஒன்னிய வெளுக்க வச்சிருக்குது. நீ பாட்டுக்குப் பெருசு பெருசா ஒட்டியிருக்கற."

பெற்ற அம்மா நம்பவில்லை. "சம்பந்தியம்மா, எங்க மனசு நோவக் கூடாதுன்னு சொல்றீங்க" என்று அழ ஆரம்பித்தார்.

"ஒங்க மனசுக்காவப் பொய் சொல்ற ஆளா நானு?" என்றவர், செம்பிலிருந்த தண்ணீரை எடுத்துத் தன் காலில் ஊற்றிக்கொண்டு முந்தானையால் அழுத்தித் துடைத்தார். இரண்டு பாதத்திலும், பெருவிரல் இடுக்கில் ஆரம்பித்து இரண்டாகப் பிரிந்து போகிற வெளுப்பு. ரப்பர் செருப்பின் வார் போகிற அதே வழி.

"கம்பெனில வழுக்குதுன்னு செருப்பு வாங்கிப் போட்டேன். வார் பட்ட எடமெல்லாம் இப்படிப் போயிடுச்சு. கம்பெனிக்கு யாருக்காச்சும் குஷ்டம் இருக்குதான்னு பாக்க வந்த டாக்டருதான், ரப்பரு ஒனக்கு ஆவல, கழட்டிக் கடாசுன்னு சொன்னாரு. இப்ப பாதி நெறம் வந்துடுச்சு."

"இத்தினி நாளா யாருக்கும் தெரியாதாக்கா?" என்று கேட்டேன்.

"பீங்கான் கம்பெனில எவ காலு கருப்பா இருக்குது, சொல்லு? எங்க வூட்டுக்காரரே மண்ணுன்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்கறாரு" என்றார். அழுதுகொண்டிருந்த பெண்ணுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் குழைத்து வைத்திருந்த பவுடரை அவர் கையாலேயே தள்ளி வைத்தார். மருமகளை வெறும் நெற்றியோடு கூடத்துக்குக் கூட்டிப்போய் மனையில் உட்காரவைத்தார். "பொட்டுப் பசை இவளுக்கு ஒத்துக்கல. நெத்தி ஆறட்டும். எல்லாரும் வகிட்டுல வையுங்க" என்று சத்தமாகச் சொன்னார். பின்னாலிருந்து ஒரு அத்தைக்காரி, "வெள்ளையால்ல இருக்குது, ஒட்டிக்கப் போவுது" என்று இழுத்தாள். மாமியார் குனிந்து அந்த வெளுப்பின் மேலேயே ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். "ஒட்டுனா எனக்கு மொதல்ல ஒட்டட்டும், நீ வரிசைல வா" என்றார். அவளும் வந்து வகிட்டில் வைத்துவிட்டுப் போனாள். நான் பெண்ணுக்கு வளையல் போட்டேன். அந்தக் கை அவ்வளவு சில்லென்று இருந்தது. போடப் போடத்தான் சூடு வந்தது.

அடுத்த வாரம் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போய்த் தோல் டாக்டரிடம் காட்டினார்கள். அவரும் பசையைத்தான் சொன்னாராம். விட்டால் நிறம் மெல்ல வரும், கொஞ்சம் வராமலும் போகலாம், பொறுத்துப் பார்க்கணும் என்றாராம்.

அந்த அம்மாவுக்கு நான் பட்டிருக்கிற கடன் பெரிது. அதுவரைக்கும் தோலில் எதைப் பார்த்தாலும் என்ன நோய் என்றுதான் யோசிப்பேன். அதன் பிறகு, இந்த இடத்தில் என்ன பட்டது என்று முதலில் கேட்கப் பழகினேன். இடுப்பைச் சுற்றிக் கருத்திருந்தால் பாவாடை நாடாவைப் பார்ப்பேன். காது மடல் புண்ணாகியிருந்தால் கவரிங் தோட்டைக் கழற்றச் சொல்வேன். மணிக்கட்டில் அரித்தால் வாட்ச் பட்டையைக் கேட்பேன். கழுத்தோரம் தடித்திருந்தால் தலைக்கு என்ன மை போட்டாய் என்பேன். எத்தனையோ பெண்கள் பயந்துகொண்டு வந்து, சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் எனக்குச் சொன்ன நன்றியில் பாதிக்கு மேல் அந்தப் பீங்கான் கம்பெனி அம்மாவுக்குச் சேர வேண்டியது.

பெண்ணாடத்தில் குழந்தைக்குப் பெயர் வைத்தபோது நானும் வளையல் பெட்டியோடு போயிருந்தேன். பெற்ற அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "அன்னிக்கு நாலு பேரு முன்னால பேசிட்டாங்க. கூப்பிட வரும்போதுல்ல தெரியும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் மாதம் வந்து அழைத்துப் போவதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்ததுமே பெற்ற அம்மாவிடமிருந்து எனக்கு ஆள் வந்தது, வந்து பெண்ணுக்குத் தலை பின்னிவிடச் சொல்லி. மாமியார் வருகிறாராம்.

நான் ஜடையைப் பின்னி முடிக்கிற நேரம் அவர் வந்து சேர்ந்தார். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, மகனைக்கூட எதிர்பார்க்காமல் தனியாக பஸ்ஸில் வந்திருந்தார். தண்ணீர் குடிக்கவில்லை, உட்காரவில்லை. பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மருமகளின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். வெள்ளை வட்டத்துக்குள் எள் இறைத்த மாதிரி நிறம் புள்ளி புள்ளியாக வந்திருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் அப்படியே வெளுப்பாக நின்றது.

"இந்த ஓரம் வரலியே அத்தை" என்றாள் பெண்.

"வந்தா வருது, வராட்டி போவுது. புள்ளத் துணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா? நடடி, ரெண்டு மணி பஸ்ஸ வுட்டா அப்புறம் நின்னுக்கிட்டுத்தான் போவணும்."

பெற்ற அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போய், துணிப்பையை எடுத்து வந்து கொடுத்தார்.