இரண்டு சென்டி குறைந்த படி

தச்சுப் பட்டறைக்காரர் தன் மருமகளுக்குத் தொண்ணூறாயிரம் கடன்பட்டிருந்தார். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, கேட்பாரும் இல்லை. கேட்காத கடன் என்பதாலேயே அது நெஞ்சில் மரச் சிலாம்பு ஏறியது போல உறுத்திக்கொண்டிருந்தது.

அது அவள் மேல்படிப்புக்குச் சேர்த்த பணம். பிசியோதெரபியில் இளங்கலை முடித்துவிட்டு, முதுகலை படிக்க வேண்டும் என்று ஒரு கிளினிக்கில் மூன்று வருடம் ஊரார் முட்டியையும் தோளையும் மடக்கி நீட்டிச் சேர்த்தது. அவள் கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம் பட்டறையில் மரம் இழைக்கும் மெஷின் புகைந்து நின்றுவிட்டது. பதினாறு கதவுக்கு ஆர்டர் இருந்தது. முன்பணம் வாங்கி மரமும் எடுத்தாயிற்று. வெளியாரிடம் கை நீட்டிப் பழக்கமில்லாத மனிதர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அவளே பணத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அடுத்த வருடம் படித்துக்கொள்கிறேன் என்றாள். அடுத்த வருடம் பேத்தி பிறந்தாள். அதற்கடுத்த வருடம் மர விலை ஏறியது. இப்படியே நான்கு வருடம் ஓடிப்போயிற்று.

அவரைத் தெருவில் எல்லோரும் 'மூலைமட்டம்' என்றுதான் சொல்வார்கள்; மூலை பிசகாமல் இருக்கிறதா என்று தச்சர்கள் வைத்துப் பார்க்கும் கருவியின் பெயர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பதினோரு வயதில் அடுத்தவர் பட்டறையில் மரத்தூள் பெருக்கப் போனவர். முப்பது வயதில் சொந்தப் பட்டறை, நாற்பதில் சொந்த வீடு. ஒருவர் தூக்கிவிட்டார் என்று சொல்ல ஆளில்லை. அவர் மாட்டிய கதவு அடைமழையிலும் நிலையில் இடிக்காது. அவர் செய்த இழுப்பறையைச் சுண்டுவிரலால் தள்ளினால் போதும். இதையெல்லாம் அவரே சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். சொல்வதில் பொய் கிடையாது என்பதுதான் கேட்பவர்களுக்குக் கஷ்டம்.

ஐந்தாம் வருடம் மருமகள் விண்ணப்பத்தை எடுத்து உட்கார்ந்தாள். மதிப்பெண் பட்டியல், வேலை பார்த்த சான்றிதழ், பழைய ஆசிரியர்கள் இரண்டு பேரின் சிபாரிசுக் கடிதம் எல்லாம் தயார். 'இந்தப் படிப்பு உனக்கு ஏன் வேண்டும்' என்று ஐநூறு வார்த்தையில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அதைத்தான் நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தாள். ஐந்தாம் முறை எழுதியதை மாமனாருக்கு வாசித்துக் காட்டினாள். விழுந்துவிடுவோம் என்ற பயத்திலேயே நடப்பதை விட்டுவிட்டவர்களைப் பற்றி எழுதியிருந்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"எல்லாம் சரி. இதுல என்னைப் பத்தி ஒண்ணும் இல்லையே?"

"உங்களைப் பத்தி எழுதினா ஐநூறு வார்த்தை பத்தாது மாமா."

"பத்தாதுதான்" என்று அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது. "பீத்திக்கறதுலயே நானூறு போயிடும்."

நுழைவுத் தேர்வுக்குப் படிக்க அவளுக்கு ஓர் உடம்பு தேவைப்பட்டது. புருஷன் வேன் ஓட்டுகிறவன், விடியுமுன் கிளம்பிவிடுவான். மாமனார்தான் சட்டையைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். தச்சுப் பென்சிலால் அவர் முதுகில் ஒவ்வொரு தசையாகக் கோடு போட்டு, அது எங்கே தொடங்குகிறது, எதைத் தூக்குகிறது என்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். கோட்டை அழிக்காமலே அவர் பட்டறைக்குப் போய்விடுவார். ஆட்கள் சிரித்தால், "சிரிங்கடா. உங்க முதுகுல படிப்பு ஏறுமா?" என்பார்.

தேர்வில் தேறினாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நான்கு வருடம் படிக்காமல் என்ன செய்தாய் என்று கேட்டார்களாம். வீட்டுக்கு ஒரு மெஷின் தேவைப்பட்டது, வாங்கினோம், இப்போது என் முறை வந்திருக்கிறது என்றாளாம். மாமனார் பெயருக்கு ஒரு கீறல் விழவிடவில்லை. மகன் வந்து இதைச் சொன்னபோது அவர் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு பட்டறைக்குப் போய், மரமே வைக்காமல் அந்த மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு வங்கியில் கல்விக்கடன் வாங்கினாள். காலையில் கிளினிக், பிறகு கல்லூரி, சாயங்காலம் ஆஸ்பத்திரிப் பயிற்சி என்று ஓடினாள். அவர் ஒவ்வொரு மாதமும் வரும் மாதம் கொடுத்துவிடுகிறேன் என்பார். வரும் மாதம் ஏதாவது வரும். அவள் சரி மாமா என்பாள், அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் ஆய்வு செய்ய வேண்டும். முட்டிவலிக்காரர்கள் நாற்பது பேர். பாதிப் பேருக்குத் தரையில் செய்யும் பயிற்சி மட்டும். மீதிப் பேருக்கு அதோடு ஒரு படியில் ஏறி இறங்கும் பயிற்சியும். ஆறு வாரம் கழித்து யாருக்கு வலி குறைந்திருக்கிறது, யார் மாடிப்படியை வேகமாக ஏறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். படியின் உயரம் இருபது சென்டிமீட்டர் என்று கல்லூரிக் குழு எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தது. படியை யார் செய்வது? வீட்டில் மூலைமட்டம் இருக்கும்போது வெளியில் போவானேன்?

இடத்தைப் பார்க்கிறேன் என்று அவர் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு நாள் போனார். அங்கே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பழைய படியில் ஏறப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஊரெல்லாம் நடந்த கால், ஒரு படிக்கு அழுதது. மூலைமட்டத்துக்குத் தன் முட்டியே வலித்தது போலிருந்தது. பட்டறைக்கு வந்தார். நல்ல தேக்கில், ஆடாமல் அசையாமல், மேலே ரப்பர் விரிப்பு ஒட்டி, அறுபத்தைந்து வயதுக்காரரும் நம்பி மிதிக்கும்படி ஒரு படி செய்தார். உயரத்தில் மட்டும் இரண்டு சென்டி குறைத்துவிட்டார். கை தவறி இல்லை. தெரிந்தே, பாவம் பார்த்து. ஒரு விரல்கடை குறைந்தால் யார் குடி முழுகப் போகிறது என்று நினைத்தார். அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

நாற்பது பேரும் முடித்தார்கள். படி ஏறியவர்களுக்கு நல்ல குணம். தபால்காரர் மாடி வீட்டிலிருக்கும் மகளை ஐந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்து வந்தார். மருமகள் தொண்ணூறு பக்கம் எழுதி முடித்தாள். இன்னும் ஒரு வாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பிழை பார்ப்பதற்காக அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். எதிரே அவர் பேத்திக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

'பயன்படுத்திய படியின் உயரம் இருபது சென்டிமீட்டர்' என்று வாசித்தாள்.

அவர் கை நின்றது. எழுத்தில் போட்டு, கீழே அவள் கையெழுத்தும் போடப் போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த வாரம் அவள் ஆய்வு கரையேறிவிடும். வாயைத் திறந்தால் நாற்பது வருடம் கட்டிக்காத்த பெயரும் போகும், அவள் படிப்புக்கும் என்ன ஆகுமோ தெரியாது. அவள் அந்தப் பக்கம் முழுவதையும் வாசித்து முடிக்கும்வரை அவர் பேசவில்லை.

"அது பதினெட்டும்மா."

"எது மாமா?"

"படி. நான்தான் குறைச்சேன். அந்தத் தபால்காரரைப் பார்த்தேன், மனசு கேக்கலை."

அவள் தாள்களைக் கீழே வைத்தாள். உள்ளே போய் டேப்பை எடுத்துக்கொண்டு, வண்டியில் கல்லூரிக்குப் போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"பதினெட்டுதான். நீங்க செஞ்சதாச்சேன்னு நான் டேப்பே வைக்கலை மாமா. வச்சிருக்கணும். அது என் வேலை, உங்க வேலை இல்லை."

திட்டியிருந்தால் தேவலை. மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் மூலைமட்டம், வீட்டுக்கு மட்டும் ரெண்டு சென்டி கம்மி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவள் துறைத் தலைவியிடம் போனாள். மாமனாரும் கூடவே போனார், வேண்டாம் என்று சொல்லியும். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அனுமதித்தது ஒன்று, செய்தது ஒன்று, இதை ஏற்க முடியாது என்றார். புது ஆட்களை வைத்து மறுபடி செய்தால் ஆறு மாதம் தள்ளும், ஆறு மாதக் கட்டணம் இருபத்திரண்டாயிரம் கூட ஆகும். இல்லாவிட்டால் இந்த ஆய்வை விட்டுவிட வேண்டும். மருமகள் யோசிக்கவே இல்லை. மறுபடி செய்கிறேன் என்றாள். மாமனார், தப்பு தன்னுடையது, அந்தப் பெண் மேல் எழுத வேண்டாம் என்றார். ஆய்வு செய்கிறவர்தான் அளக்க வேண்டும், அதை அவளே இங்கே சொல்லிவிட்டாள், நீங்களும் வந்து சொன்னீர்கள், உட்காருங்கள் ஐயா என்றார் அந்த அம்மா.

புதுப்படி செய்தார். இந்த முறை அவர் மரத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் நான்கு மூலையிலும் டேப் வைத்தாள். இருபது, இருபது, இருபது, இருபது. பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூலைமட்டத்தின் வேலையை ஒருவர் அளந்து பார்ப்பதை அவர்கள் அன்றுதான் கண்டார்கள். அவருக்கு வெட்கமாக இல்லை. ஆச்சரியம், கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. இவள் கையில் டேப் நிற்கிற நிதானத்தைப் பாருங்கடா என்று சொல்லத் தோன்றியது. சொல்லவும் செய்தார்.

மறுபடி நாற்பது பேர், மறுபடி ஆறு வாரம், மறுபடி எழுத்து. பதினெட்டில் நடந்ததையும் அவள் மறைக்கவில்லை. தனி அத்தியாயமாகப் போட்டாள். இருபதில் ஏறியவர்களில் மூன்று பேர் வலி தாங்காமல் பாதியில் நின்றார்கள், பதினெட்டில் ஒருவரும் நிற்கவில்லை, ஏன் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று எழுதினாள். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்தப் பக்கத்தில்தான் நெடுநேரம் நின்றாராம். படியை யார் செய்தது என்று கேட்டார். என் மாமனார், தச்சர் என்றாள். தவறை யார் கண்டுபிடித்தது என்றார். அவரேதான், வாசிக்கக் கேட்டுச் சொன்னார் என்றாள். பேராசிரியர் பேனாவை மூடிவிட்டு, இப்படி ஓர் அத்தியாயத்தை எவரும் துணிந்து எழுதித் தான் பார்த்ததில்லை என்றார்.

தேறினாள். முதல் வகுப்பு. பட்டம் வாங்கும்போது அவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் முழுக் கதையையும் சொன்னார், இரண்டு சென்டியையும் சேர்த்து. அந்த மனிதரால் தன் மகன் மேடை ஏறியதையே பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதம் அதே துறையிலிருந்து ஆர்டர் வந்தது. பதினைந்து, பதினெட்டு, இருபது என்று மூன்று உயரத்தில் பன்னிரண்டு படிகள். அதோடு நடைப்பயிற்சிக்குக் கைப்பிடிச் சட்டங்கள், சாமான் வைக்க அலமாரிகள். ஆர்டருக்காக அவர் சிபாரிசு கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேலையைப் பார்த்து வந்தது. வேலை முடிந்து பணம் கைக்கு வந்த அன்று அவர் எங்கேயும் நிற்காமல் வீட்டுக்கு வந்தார். அவள் அன்றுதான் ஆஸ்பத்திரியில் மூத்த பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்துவிட்டு வந்து, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கையை நீட்டும்மா."

"என்ன மாமா அவசரம், மேசைல வைங்க. நீங்க கொடுத்தா சரியாத்தான் இருக்கும்."

"அந்தப் பேச்சே இனிமே இந்த வீட்டுல வேண்டாம். நான் எண்ணுறேன், நீயும் கூடவே எண்ணு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து உள்ளங்கையை விரித்தாள். அவர் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு நோட்டாக வைத்தார். தொண்ணூறாயிரம். அதன்மேல் அந்த ஆறு மாதக் கட்டணம் இருபத்திரண்டாயிரம். கடைசி நோட்டு விழும்வரை இருவரும் ஒரே குரலில் எண்ணினார்கள்.