பலகையை விட்டு எழுந்தேன்

சுரங்கத்தில் லாரி ஓட்டிக் குலுங்கிய இடுப்பு ஒருநாள் பிடித்துக்கொண்டது. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எல்லோரும் டாக்டரானார்கள். "டிஸ்க் நழுவியிருக்கும், அசையாம படுத்துக்கினு இருங்க," என்றார் எதிர்வீட்டுக்காரர். மனைவி மெத்தையை எடுத்துவிட்டுப் பலகை போட்டாள். ஓரிடத்தில் நிற்காத நான், இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தே கிடந்தேன். கிடக்கக் கிடக்க வலி ஏறியது. ஆபரேஷன் என்றுவிட்டால் மறுபடி ஸ்டியரிங் பிடிக்க முடியுமா என்ற பயமும் ஏறியது.

கடைசியில் மனைவி ஆட்டோ வைத்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். அங்கே பிசியோதெரபி அம்மா என் கால்களைத் தூக்கிப் பார்த்தார், பாதத்தை அழுத்தச் சொன்னார்.

"ஆபரேஷன்லாம் வேணாங்க. தசைதான் பிடிச்சிருக்கு. படுத்தே கெடந்தீங்களா?"

"அசையக் கூடாதுன்னாங்க."

"அதான் முதுகு கட்டையாயிடுச்சு. பெல்ட்டைக் கழட்டிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா நடங்க. லேசா வலிச்சா பயப்படாதீங்க."

"வண்டி ஓட்டலாமா மேடம்?"

"தேறினப்புறம் தாராளமா. நடுநடுவுல எறங்கி நில்லுங்க."

"நடக்கச் சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி. "இனிமே இவரை வூட்ல பாக்கவே முடியாதுங்க."

பெல்ட் அவள் பைக்குள் போனது. ஆட்டோவை வேண்டாமென்று அனுப்பினேன். மர நிழலில் மெல்ல நடந்தேன். இடுப்பு முனகியது, திட்டியது, ஆனாலும் கூடவே வந்தது.