ஓடுதளத்தில் நான் விட்டுவந்த கல்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இருபத்தைந்து வருஷமாகியும், எங்கள் சோழவரத்து விமான ஓடுதளத்தைப் பட்டணத்துக்காரர்கள் வேடிக்கை பார்க்க வருகிறார்கள். எங்களுக்கு அது நெல் காயவைக்கும் இடம். வண்டி ஏறாமலிருக்க நெல்லைச் சுற்றிக் கல் வைப்போம். சாயங்காலம் நெல்லை வாரிக்கொண்டு, கல்லை அப்படியே விட்டுவிட்டு வருவோம்.

போன தை மாதம் ஒருநாள், பொழுது சாயும் நேரத்தில் நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் கணவன், மனைவி, முன்னால் நின்றபடி ஒரு பெண் குழந்தை.

“பிளேன் எறங்கின எடம் இதானே?” என்று அவர் கேட்டார்.

“இதான் சார். கோடி வரைக்கும் நேராப் போய்க்கினே இருங்க” என்றேன். முந்தின நாள் அந்தப் பக்கம் நெல் காயவைத்தவள் நான்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சத்தம் கேட்டு ஓடினேன். ஸ்கூட்டர் கல்லில் ஏறிக் கவிழ்ந்து கிடந்தது. குழந்தைக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவருக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது.

“இங்க கல்ல வெச்சது யாரு?” என்று அந்த அம்மாள் அலறினார்.

“மாடு மேய்க்கறவங்க வெச்சிருப்பாங்கம்மா” என்றேன்.

அவர் கணவரை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இருந்தீங்களே, நல்லா இருப்பீங்க” என்றார்.

இப்போதெல்லாம் கடைசிக் கல்லையும் ஓரத்தில் போட்ட பிறகுதான் மூட்டையைத் தூக்குகிறேன். அந்த அம்மாள் இந்தப் பத்திரிகையை வாசிப்பாரா, தெரியாது. வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்: அந்தக் கல்லை வைத்தவள் நான்.